வாயில்லாக் குற்றவாளி

சென்னையில் எந்த நடைபாதை பெயர்ந்தாலும் குற்றவாளி ஒருவர்தான்: வேர். பேவர் பிளாக் தூக்கிக்கொண்டதா? வேர். சுற்றுச்சுவரில் விரிசலா? வேர். பாதாளச் சாக்கடையில் அடைப்பா? வேர். எதிர்த்துப் பேச வாயில்லை. வக்கீல் வைக்க வழியில்லை. இப்படி ஒரு குற்றவாளி கிடைத்தால் எந்த அலுவலகம்தான் விடும்?

தடுக்கி விழுந்தவரின் முழங்கால் போவது உண்மை. வீட்டுச் சுவர் பிளப்பதும் உண்மை. ஆனால் அந்த வேர் ஏன் மேலே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியது மரமல்ல.

வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். அதனால்தான் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், இரண்டு மூன்று அடிக்குள்ளேயே பரவுகின்றன. நாமோ அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசுகிறோம். மூச்சு முட்டிய வேர் கல்லைத் தள்ளிக்கொண்டு வருகிறது. உடனே புது டெண்டர். புதுக் கல். மறுபடியும் அதே சிமென்ட். வேர் வளர்கிறதோ இல்லையோ, பில் வளர்கிறது.

சாக்கடைக் கதை இன்னும் அழகு. உறுதியான குழாயை வேர் உடைப்பது அபூர்வம். கசிகிற இணைப்பைத் தேடித்தான் உள்ளே நுழைகிறது. எங்கே வேலை மோசம் என்று தோண்டாமலே காட்டிக்கொடுக்கிறது. சம்பளம் வாங்காத தர ஆய்வாளர். அவரைத்தான் கோடாலியால் கவனிக்கிறார்கள்.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட் கூடாது என்று டெல்லி மரங்கள் பற்றிய வழக்கில் 2013-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. நம் தெருக்களைப் பார்த்தால், மீட்டரை மில்லிமீட்டர் என்று படித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அடுத்தது மழைநீர் வடிகால். பொது இடத்தில் ஒரு மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்த மரத்தைத் தாங்கும் வேரை வெட்ட? ஒரு ஜேசிபி போதும். வடிகாலுக்குத் தோண்டும்போது ஒரு பக்கத்து வேரை மொத்தமாக அறுத்து, கான்கிரீட் போட்டு மூடிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மேலே இலை பச்சையாகத்தான் இருக்கும். கீழே பிடிமானம் இருக்காது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பழி காற்றின் மேல் விழுந்தது. 2022 ஜூனில் கே.கே. நகரில் புயலே இல்லை. கார் மீது மரம் சாய்ந்து ஒரு பெண் இறந்தார். வடிகாலுக்குத் தோண்டியதுதான் காரணம் என்றார்கள் மக்கள். சம்பந்தமே இல்லை என்றது மாநகராட்சி. சரி, இல்லையென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எந்தத் தெருவில், எந்த மரத்தின் வேரை, யார் சொல்லி வெட்டினார்கள் என்ற கணக்கைக் காட்டுங்களேன். சிமென்ட் மூட்டைக்குக் கணக்கு உண்டு. வேருக்குக் கிடையாதா?

மரம் விழுந்த இடத்தில் கன்று நடுவிழா மட்டும் தவறாது. கன்றைவிடப் பேனர் உயரம். நட்டவர் பெயர் கல்வெட்டில்.

நல்ல பழக்கம்தான். அதையே கொஞ்சம் நீட்டுங்கள். வேரை வெட்டச் சொன்ன பொறியாளர், வெட்டிய ஒப்பந்ததாரர், பில்லில் கையெழுத்துப் போட்டவர் ஆகிய மூவர் பெயரையும் அந்த மரத்தடியில் கல்லில் பொறித்து வையுங்கள். அதற்குப் பிறகு எந்த ஜேசிபி வேர்ப்பக்கம் வருகிறது என்று பார்ப்போம்.