இருவாச்சிக்கு அனுமதிச் சீட்டு

வார இறுதியில் மாஞ்சோலைக்குப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களின் கனவுக் காட்டில் பறவை உண்டு, மனிதர் கிடையாது. அந்த மலையில் சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 1929-இல் குத்தகைக்கு எடுத்த தேயிலைக் கம்பெனி, 2024-இல் தொழிலாளர்களுக்கு 'விருப்ப ஓய்வு' கொடுத்து மலையை விட்டு இறங்கச் சொன்னதில் கனவு ஏறக்குறைய பலித்தது. ஆனால் கீழே நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் என்ற ஊர் இந்தக் கனவைக் கெடுத்துக்கொண்டு கிடக்கிறது. அங்கே மஞ்சள்மூக்கு நாரை வீட்டை ஒட்டிய மரத்திலேயே கூடு கட்டும். குஞ்சு மிரளுமென்று ஊரார் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் அந்தப் பாசத்தில் கொஞ்சம் கணக்கும் உண்டுதான். 1994-இல் சரணாலயம், 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டம் என்று அரசாணைகள் பின்னால் வந்து சேர்ந்தன; நாரைகள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

வார இறுதிக்காரர்களைப் பழிக்கலாமா, 2011 முதல் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள்தானே கைகொடுக்கிறார்கள் என்பார்கள். நியாயம்தான். ஆனால் அவர்கள் எண்ணுவது ஆடு மேயும், துணி துவைக்கும் ஊர்க்குளங்களில். மலைக்காடு வேறு, அங்குள்ள இருவாச்சிப் பறவைக்குத் தனிமை வேண்டும் என்றால் அதுவும் சரியே. மாஞ்சோலைக்கு ஏற மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் காரை நிறுத்திச் சீட்டு வாங்குவது மட்டும் இருவாச்சி இல்லை.