பயத்துக்கு வட்டி கட்டாத, அப்பு!

வாய்யா மாவீரா, உட்காரு. சிராவயல் மஞ்சுவிரட்டுல காளை உன்னை விரட்டுச்சா, நீ காளைக்கு வழிகாட்டிக்கிட்டு முன்னால ஓடுனியாங்கிற வழக்கே ஊருக்குள்ள இன்னும் தீரல. அதுக்குள்ள தெருவுல கறவைப் பசு கத்துனாக்கூடத் திண்ணையில ஏறி நிக்கிறியாமே? தை மூணுல நடந்தது. மாசியும் முடியப் போகுது. உங்க ஆத்தா வேப்பிலை அடிச்சுப் பார்த்துட்டா. தாயத்து கட்டுறேங்கிறா. கழுத்துல ஏற்கெனவே மூணு கெடக்கே, நாலாவதுக்கு எங்கய்யா இடம்?

கோளாறு உன் வீரத்துல இல்ல, சிறுநீரகத்துக்கு மேல. சிரிக்காத. ரெண்டு சிறுநீரகத்துக்கும் தலைமாட்டுல ஆளுக்கொரு சுரப்பி இருக்கு. காளை கொம்பைத் தாழ்த்துன மாத்திரத்துல அது அட்ரினலினைக் கொட்டும். கொஞ்சம் பொறுத்துக் கார்ட்டிசாலும் வரும். ஓடுற காலுக்கு ரத்தம் வேணுமில்ல? உன்னைப் பார்த்தவுக சொல்றதைக் கேட்டா, உனக்குக் குறையில்லாமக் கொட்டியிருக்கு.

இதுல ஒரு கூத்து. ரத்தத்துல ஓடுற அட்ரினலின் மூளைக்குள்ள லேசுல நுழைய முடியாது, நடுவுல தடுப்பு. அதனால வேகஸ் நரம்பு வழியாச் சேதி போகும். சேதி கிடைச்சதும் மூளை தன் பங்குக்கு நாரட்ரினலினைச் சுரந்து, தனக்குள்ள இருக்கிற அமிக்டலாங்கிற பகுதியை உசுப்பும். அந்த அமிக்டலாவைப் பழைய செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளைன்னு வெச்சுக்க. சில்லறைச் செலவைச் சிட்டையில கிறுக்கிட்டு விட்டுருவாரு. உசிரு சம்பந்தப்பட்டதுன்னா பேரேட்டுல ஏத்திருவாரு. பேரேட்டுல ஏறுச்சா, வட்டி ஓடும். நேத்து என்ன குழம்புன்னு கேட்டா முழிக்கிற நீ, அந்தக் காளைக்கு நெத்திச் சுழி எந்தப் பக்கம்னு சொல்றியே, அந்த வட்டிதான்.

எங்க பெரியப்பா ஒருத்தர் ரங்கூன்ல வட்டிக்கடையில வேலை பார்த்தவரு. 1941 டிசம்பர் 23-ல சப்பான் விமானம் வந்து குண்டு போட்டுச்சு. அடுத்த வருசம் காடு மலையெல்லாம் நடந்து ஊர் வந்து சேர்ந்தாரு. அங்கிட்டு வரவேண்டிய பாக்கி எம்புட்டுன்னு கேட்டா மறந்துபோச்சும்பாரு. கொடுக்கவேண்டிய பாக்கியையும் சேர்த்தே மறந்தாரு, அது வேற கதை. ஆனா இருபது வருசம் கழிச்சும் தலைக்கு மேல விமானச் சத்தம் கேட்டா, தின்னுக்கிட்டிருக்கிற எலையை விட்டுட்டுக் கட்டிலுக்கடியில போயிருவாரு.

கெழவன் கதை விடுறான்னு நெனைப்ப. 1994-ல அமெரிக்காவுல லாரி கேகில், ஜேம்ஸ் மெக்கா கூட்டம் ஒரு சோதனை பண்ணுச்சு. ஒரு பையன் விபத்துல மாட்டுற கதையைப் படம் போட்டுக் காட்டுனாக. சில பேருக்கு மட்டும் முன்கூட்டியே ப்ரோப்ரனலால் மாத்திரை; அட்ரினலின் வகையறா வேலையைத் தடுக்கிற சரக்கு. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, மாத்திரை போடாதவுகளுக்கு விபத்துப் பகுதிதான் அச்சா நின்னுச்சு. போட்டவுகளுக்குக் கதையோட சப்பைப் பகுதி எம்புட்டோ, விபத்தும் அம்புட்டுத்தான். அதுக்காக என் பிரஷர் டப்பாவைத் துழாவாத. ஆஸ்துமாக்காரன் அதைத் தொட்டா மூச்சு அடைச்சுக்கும்.

பெங்களூர்லயும் பார்த்திருக்காக. அங்க என்.சி.பி.எஸ்.ங்கிற உயிரியல் ஆய்வு மையத்துல சுமந்திர சட்டர்ஜி ஆய்வகத்துல எலியை ஒரே ஒரு தடவை ரெண்டு மணி நேரம் அசையவிடாம வெச்சாக. மறுநாள் பார்த்தா ஒண்ணுமில்ல. பத்தாம் நாள் எலிக்கு நடுக்கம்; அமிக்டலாவுல புது நரம்பு முள்ளுக மொளைச்சுக் கெடந்துச்சு. 2005-ல வந்த சேதி. நீயும் அன்னிக்குச் சட்டையை உதறிப் போட்டுட்டுப் பிரியாணி தின்ன ஆளுதானே? 2012-ல அதே ஆய்வகம் இன்னொண்ணு சொல்லுச்சு: எலிக்கு அந்தக் கார்ட்டிசால் வகைச் சுரப்பைக் கூடுதலாக் கொடுத்திருந்தா, பிந்தி வர்ற நடுக்கம் வரல. ஆக, சுரப்பியை மட்டும் வையாத. எழுத வைக்கிறதும் அதுதான், கையைப் பிடிச்சுத் தடுக்கிறதும் அதுதான்.

இப்ப என் ரோசனையைக் கேளு. சம்பவம் முடிஞ்ச கையோட எழுத்து முடியாது. 1975-லயே பால் கோல்ட் எலிக்குப் பாடம் முடிஞ்சப்புறம் அட்ரினலின் ஊசி போட்டுப் பார்த்தாரு. உடனே போட்டா நினைவு பலப்பட்டுச்சு, நேரங்கடந்து போட்டா பலிக்கல. நீ அன்னிக்கு ராத்திரி என்ன பண்ணுன? செல்போன்ல காளை உன்னை விரட்டுன வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, படபடப்பு அடங்கவிடாம மறுபடி மறுபடி சுரக்கவெச்ச. காளை ஒரு தடவைதான் விரட்டுச்சு. மிச்சமெல்லாம் நீயா விரட்டிக்கிட்டது.

பழசை நினைக்கிறப்ப பேரேடு மறுபடி திறக்கும்னு 2000-ல நியூயார்க்குல கரீம் நாடரும் ஜோசப் லெடூவும் எலியில காட்டுனாக. நினைவுபடுத்துன கையோட அமிக்டலாவுல புதுப் புரதம் உருவாகாமத் தடுத்தா, அந்தப் பயம் தங்கல. அதனால டீக்கடையில கதையைச் சொல்றப்பல்லாம் காளைக்கு ஒரு முழம் கொம்பு கூட்டாத. கேக்கிறவன் ரசிப்பான், ராத்திரி தூக்கம் கெடுறது உனக்கு.

நாளைக்குக் காலையில எங்க தொழுவத்துக்கு வா. பல்லுப் போன பசு ஒண்ணு நிக்குது. தள்ளி நின்னு பாரு. மறுநாள் ஒரு எட்டு கிட்டப் போ. அப்புறம் புல்லைக் கொடு. பழைய பயம் அழியாது. அது மேல புதுப் பாடம் ஏறும். அப்படியும் தூக்கம் வரலைன்னா 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், காசில்லை, தமிழ்லயே பேசுவாக. அதுக்கும் பயமா இருந்தா சொல்லு, நானே போட்டுத் தாரேன். ஆனா எனக்குக் காது மந்தம், நான் பேசுனா மூணு தெருவுக்குக் கேக்கும். எது தேவலைன்னு நீயே முடிவு பண்ணிக்க.