மானியம் இல்லாத வெயில்

சேலத்தையும் நாமக்கல்லையும் சுற்றி சூரியனுக்கு ஒரு நாளும் லீவு கிடையாது. சேகோ ஆலைக் களங்களில் ஜவ்வரிசி காய வேண்டும். ரோட்டோரம் மக்காச்சோளம் காய வேண்டும். மொட்டை மாடியில் கூழ் வடகம் காய வேண்டும். சம்பளம் கேட்காத ஆள் கிடைத்தால் விடுவோமா? ஆனால் இவ்வளவு வேலை வாங்குகிற நாம் அந்த ஆளின் முகத்தில் முழிக்க மட்டும் தயாராக இல்லை. ஏப்ரலில் 40 டிகிரியைத் தொட்டதும் ஸ்கூட்டியில் போகிற பெண்கள் விரல் நுனிவரை கையுறை மாட்டிக்கொள்கிறார்கள், ஆண்கள் தலையோடு துண்டைச் சுற்றிக்கொள்கிறார்கள். பஸ்ஸில் ஏறியதும் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று திசை பார்த்து உட்காருகிறவர்கள் நாங்கள்.

இப்படிப்பட்ட ஊரில் வெளிச்சத்தில் ஓடும் வாட்ச் ஒன்று வாங்கப்போகிறேன், கீழே போட்டாலும் உடையக்கூடாது, தண்ணீர் பட்டாலும் சாகக்கூடாது, தினமும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிவைத்தேன். பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் கை நீட்டியபடியே கேட்டார்.

"மானியம் எவ்வளவு தர்றாங்க?"

அவரைக் குறை சொல்ல முடியாது. சோலார் என்றாலே இங்கே மானியம்தான். தோட்டத்துப் பம்ப்செட்டுக்கு வேளாண் பொறியியல் துறை தருகிறது. வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் தருகிறது. இவற்றில் எதையும் நான் போடவில்லை என்பது பந்தியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பம்ப்செட்டுக்குப் போகாதவன் வாட்ச்சுக்குப் போகிறானே என்ற பார்வை பாயசம் வரும்வரை என்மேல் இருந்தது.

இந்த வாட்ச்சுக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்று கேட்டால் சிரிப்பு வரும். கேசியோவின் ஜி-ஷாக் சோலார் மாடல் ஒன்றின் கையேட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது. வெட்டவெளி வெயிலில் 5 நிமிடம் காட்டினால் ஒரு நாள் ஓடிவிடும். ஜன்னல் வழியாக வருகிற வெயில் என்றால் 24 நிமிடம். வெயிலே வேண்டாம், டியூப் லைட் போதும் என்றால் 8 மணி நேரம். நாமக்கல்லில் முட்டைக் கோழிக்கே ஒரு நாளைக்கு 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். பகல் போதாது என்று பண்ணைக்காரர்கள் விடியுமுன் பல்பு போட்டு எழுப்பிவிடுகிறார்கள். கோழியோடு ஒப்பிட்டால் வாட்ச்சுக்குத் தீனிச் செலவே இல்லை என்று சொல்லலாம். முட்டை போடாது என்பது ஒன்றுதான் குறை.

ஆனால் அந்த 5 நிமிடத்தை எந்தக் கைக்குக் கொடுப்பது என்பதில் சிக்கல் இருக்கிறது. இதை எனக்குச் சொன்னவன் மச்சினன். லாரி வைத்திருக்கிறான், ஓட்டவும் செய்கிறான். "மாமா, இதப் பாருங்க" என்று இரண்டு கைகளையும் நீட்டினான். வலது கை கருக்கென்று இருந்தது. இடது கை பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை கை. நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம், ஜன்னலில் கிடக்கிறது வலது முழங்கை. வாட்ச் கட்டுவதோ இடது கையில். அது நாளெல்லாம் கேபின் நிழலில் கியர் கம்பியோடு குடும்பம் நடத்துகிறது. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று இந்த வட்டாரத்திலிருந்து வண்டியோட்டிப் போகிறவர்கள் கொஞ்சமா? அத்தனை பேருடைய இடது மணிக்கட்டும் பட்டப்பகலில் இருட்டறைக்குள் இருக்கிறது.

இரவில் கூத்து இன்னும் கூடும். இந்த வகை வாட்ச்சில் மின்சேமிப்பு என்று ஒரு ஏற்பாடு உண்டு. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒரு மணி நேரம் போல இருட்டில் கிடந்தால் ஊர் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு முகப்பை அணைத்துவிடும். சட்டைக் கைக்குள் மறைந்திருந்தாலும் அதே கதைதான். ஏதாவது ஒரு பட்டனைத் தட்டினால் விழித்துக்கொள்ளும். ஜப்பானில் 10 மணிக்கு மேல் எல்லோரும் தூங்கிவிடுவார்களோ என்னவோ. முட்டை லாரி கேரளாவுக்குப் புறப்படுவதும், போர்வெல் வண்டி ராத்திரியெல்லாம் கல்லைக் குடைவதும் அந்த நேரத்தில்தான் என்று வாட்ச்சுக்கு யார் சொல்வது?

கையேட்டின் எச்சரிக்கைப் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சார்ஜ் ஏற்ற வெயிலில் வையுங்கள் என்று ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில், வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள், நேர்வெயிலில் ரொம்ப நேரம் விடாதீர்கள், சூடு அதிகமானால் முகப்பு கறுத்துவிடும், ஆறியதும் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆட்களின் குணமும் இதுதானே? வெயிலில் கறுத்துப்போய் வந்து, நிழலில் உட்கார்ந்து மோர் குடித்ததும் முகம் தெளிகிற ஜாதி. மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் வாட்ச்சையும் காயப்போடலாம் என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. காக்கை விரட்டப் போடுகிற ஆளே வாட்ச்சையும் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கு. தடுத்துவிட்டேன்.

உடையாத வாட்ச் பிறந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கேசியோவின் பொறியாளர் கிகுவோ இபேவுக்கு அவர் அப்பா ஒரு வாட்ச் கொடுத்திருந்தார். அது கீழே விழுந்து சிதறிப்போயிற்று. 1981-இல் உடையாத வாட்ச் செய்கிறேன் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு, செய்து பார்த்ததையெல்லாம் மூன்றாவது மாடிக் கழிவறை ஜன்னலிலிருந்து கீழே எறிந்துகொண்டிருந்தார். இருநூறு மாதிரி போல உடைந்தன. கடைசியில் பூங்காவில் ஒரு சிறுமி ரப்பர் பந்தைத் தட்டி விளையாடுவதைப் பார்த்தார். பந்துக்குள் மிதக்கிற மாதிரி இயந்திரத்தை ஓட்டில் படாமல் நிறுத்தினால் போதும் என்று பொறி தட்டியது. 1983 ஏப்ரலில் முதல் ஜி-ஷாக் வந்தது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக்கூடாது, 10 பார் நீரழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி 10 வருடம் வர வேண்டும் என்பது அவருடைய இலக்கு. ஆபீஸ் நேரத்தில் கழிவறை ஜன்னலில் நின்று வாட்ச் எறிந்தவரை வேலையைவிட்டுத் தூக்காத அந்த மேலாளருக்கும் ஒரு மாலை போட வேண்டும்.

என்றாலும் எங்கள் பக்கம் வாட்ச்சுகள் மாடியிலிருந்து விழுந்து சாவதில்லை. வேர்வையில் சாகின்றன. ரெசின் பட்டை என்கிறார்களே, அது வேர்வையும் ஈரமும் சூடும் சேர்ந்து வருடக்கணக்கில் தின்றால் காய்ந்த முறுக்குப் போல நொறுங்கும். எஃகுச் சங்கிலி நொறுங்காது; ஆனால் கண்ணிகளுக்கிடையே தீவனத் தூசியும் வேர்வையும் குழைந்து ஒரு தனி மண்வளம் உண்டாகும். அதில் கீரை விதைக்கலாம்.

இதைவிடப் பெரிய சாவு ஒன்று உண்டு. அது கடைத்தெருவில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டிய மனிதரின் கையில் நடப்பது. பேட்டரி தீர்ந்த வாட்ச்சைக் கொடுத்தால் ஒரு சின்னக் கத்தியை முதுகில் கொடுத்து நெம்புவார். டொக்கென்று மூடி கழலும். உள்ளே தண்ணீர் புகாமல் காத்துவந்த மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அது நெளிந்திருந்தாலும் காய்ந்திருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. புது பேட்டரி போட்டு, மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி, வேட்டியில் ஒரு துடைப்புத் துடைத்துக் கொடுத்துவிடுவார். அன்று முதல் வாட்ச்சின் முதுகில் எழுதியிருக்கும் 100 மீட்டர் என்பது அலங்காரம்தான். சோலார் வாட்ச்சின் உண்மையான லாபம் என் கணக்கில் இதுதான். வெயில் இலவசம் என்பதெல்லாம் சில்லறை. பேட்டரிக்காக அடிக்கடி முதுகைத் திறக்க வேண்டியதில்லை, கத்திக்கு வேலையில்லை. உள்ளே இருக்கிற மறுசார்ஜ் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. ஆனால் அது பல வருடக் கதை.

அந்த மீட்டர் கணக்கிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 100 மீட்டர் என்றால் அவ்வளவு ஆழம் குதிக்கலாம் என்று பொருளில்லை. ஆய்வகத்தில் அசையாத நீரின் 10 பார் அழுத்தம் தாங்கியது, அவ்வளவுதான். நீச்சலுக்குப் போதும். முங்கு நீச்சல்காரர்களுக்கான 200 மீட்டர் வாட்ச்சைக் கடைப்பையன் காட்டியபோது மனசுக்குள் அடியாக மாற்றிப் பார்த்தேன், 656 அடி. திருச்செங்கோட்டுப் போர் வண்டிக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். 656 அடியில் எங்கள் பக்கம் பல தோட்டங்களில் புகைதான் வரும். தண்ணீரே இல்லாத ஆழத்துக்குத் தண்ணீர் புகாத வாட்ச் எதற்கு?

விலை கூடிய மாடல்களில் ரேடியோ அலை வாங்கித் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. அலை அனுப்புகிற கோபுரங்கள் ஆறு: ஜப்பானில் இரண்டு, சீனா, அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனியில் ஒவ்வொன்று. நமக்கு ஒன்றுமில்லை. அந்தக் காதுக்குச் சேர்த்துப் பணம் கொடுப்பது தண்டம். வாட்ச்சுக்குள் இருக்கிற ஊர்ப் பட்டியலில் இந்தியாவுக்கு டெல்லியைத்தான் போட்டிருக்கிறார்கள்.

சூரியனைத் தின்று ஓடுகிற இந்த வாட்ச் சூரியனிடம் மணி கேட்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1906 ஜனவரி 1 முதல் நம் நாட்டு நேரம் மிர்சாபூர்ப் பக்கம் போகிற 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. சேலம் அதற்கு நாலு டிகிரிக்கு மேல் மேற்கே. ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.17-ஐ ஒட்டி. எங்கள் அப்புச்சி வேப்பமரத்து நிழல் காலடிக்கு வந்தால்தான் சோற்றுக்கு உட்காருவார். மணி பன்னிரண்டு ஆச்சு என்று அம்மிச்சி கூப்பிட்டால், "உன்ற கடியாரம் முந்துது" என்பார். அவர் பக்கம்தான் வானசாஸ்திரம் இருந்தது.

அந்தக் கடியாரம் எச்.எம்.டி. பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் தொழில்நுட்பம் கொடுத்துத் தொடங்கிய வாட்ச் ஆலை அது. அதே சிட்டிசன்தான் 1976-இல் வெளிச்சத்தில் ஓடும் முதல் முள் வாட்ச்சைக் கொண்டுவந்தது. பிறகு ஈகோ-டிரைவ் என்று பேர் வைத்தது. டைட்டனும் நமக்கு அந்நியமில்லை. 1984-இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, ஆலை ஓசூரில். 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் சேலம் ஜில்லாதான். அவர்களும் வெளிச்சத்தில் ஓடுகிற வாட்ச் செய்து பார்த்தவர்கள். பழைய ஜில்லாப் பாசத்தில் கேட்டுப் பார்த்தேன்; கடைக்காரர் ஸ்மார்ட் வாட்ச் பெட்டியைத் திறந்து, அடியெண்ணும், தூக்கம் அளக்கும் என்றார். தினமும் சார்ஜர் தேடுகிற சாமான் வீட்டில் ஏற்கெனவே ஆளுக்கொன்று இருக்கிறது. என் தூக்கத்தை அளக்க மனைவி இருக்கிறாள்.

கடைசியில் வாங்கியது கேசியோவில் ஆடம்பரமில்லாத ஒரு சோலார் மாடல். முள்ளும் உண்டு, எண்ணும் உண்டு, 100 மீட்டர், ரேடியோக் காது கிடையாது. மச்சினனும் ஒன்று வாங்கி வலது கையில் கட்டிக்கொண்டான். ஜன்னலில் கிடக்கிற கைக்குச் சார்ஜ் ஏறுகிறது. செக்போஸ்டில் பேப்பரை நீட்டும்போது எல்லாரும் வாட்ச்சைப் பார்க்கிறார்களாம், அதில் கொஞ்சம் பெருமை வேறு.

வேர்வைக்கு ஏதுவாக நைலான் பட்டை மாற்றிக்கொள்ளலாமே என்று இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனோம். லென்ஸ்காரர் வாட்ச்சை வாங்கிப் பார்த்தார், குலுக்கினார், காதில் வைத்தார், திருப்பி முதுகைத் தடவினார்.

"பட்டை மாத்தித் தர்றேனுங்க. அப்படியே பேட்டரியும் ஒண்ணு புதுசாப் போட்டுரலாங்களா?" என்றார், கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டே.