போன் விழுங்கிய சத்தம்

ஸ்கார்பரோ,
பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். காரும் முந்தாநாளிலிருந்து சௌக்கியம். ஆனால் வியாதி இன்னதென்று சொல்லாமல் "சரியாயிடுச்சு" என்று மட்டும் சொன்னால் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று அத்தை கேட்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேனே, என்ன பலன்? "ஒண்ணும் கேக்கலையே மாப்ளே, வண்டிய ஸ்டார்ட் பண்ணினியா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சுற்றுப்புற இரைச்சலை வடிகட்டிவிட்டு மனிதக் குரலை மட்டும் அனுப்புவதுதான் இந்தப் போன்களின் சாமர்த்தியமாம். நான் அனுப்ப நினைத்ததே அந்த இரைச்சலைத்தான்! மைனஸ் 18 குளிரில் என் பற்கள் தந்தியடித்ததையாவது அது உங்களிடம் சேர்த்ததோ என்னவோ. கடைசியில் சத்தமே கேட்காமல் "பேரிங்தான்" என்று தீர்ப்பும் சொன்னீர்கள். அது பேரிங் இல்லை. ஆனால் காதில் விழாததற்குச் சொன்ன தீர்ப்பு கணக்கில் வராது, கவலைப்படாதீர்கள்.

டிசம்பரில் பழைய டைனமோ படுத்துவிட்டது. (இங்கே டைனமோ என்றால் முழிப்பார்கள். ஆல்டர்னேட்டர் என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும்.) நம் ஊராக இருந்தால் 'செல்ஃப், டைனமோ' என்று போர்டு மாட்டிய கடையில் பிரித்துப் போட்டு, பேரிங்கும் கார்பன் பிரஷ்ஷும் மாற்றி, போன டயோடைப் பற்றவைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கே பிரிக்கிற பழக்கமே இல்லை. பழசைக் கழற்று, வேறொன்றை மாட்டு, அவ்வளவுதான். எனக்கு மாட்டியது ஒரு ரீகண்டிஷன் சரக்கு. கூலி மணிக்கு 130 டாலர். அதை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டு ஒரு வாரம் வெளியில் காபி குடிக்கவில்லை.

மறுநாளே சத்தம் ஆரம்பித்தது. மாட்டிய கடைக்கே போனேன். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, "ஒரு குறையும் காட்டவில்லை" என்றார்கள். கம்ப்யூட்டருக்குக் காது கிடையாதே!

சத்தம் எப்படி என்றால், 1-ம் நம்பர் பஸ் ராஜகோபுரத்திலிருந்து கிளம்பும்போது வரும் உறுமல் இல்லை. நாதஸ்வரக்காரர் குழலில் செருகுவதற்கு முன் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாரே, அந்தக் கீச்சு. அதுவும் எப்போதும் வராது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது, கியர் மாறும்போது, சாவியைத் திருப்பி அணைக்கும் அந்தக் கடைசி நொடியில்.

பொன்மலைப் பட்டறையில் ரயில் பெட்டிக்கு அடியில் பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர்களோடு முப்பது வருஷம் மாரடித்தவரின் மருமகன் நான், சும்மா இருப்பேனா? நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹெட்லைட், ஹீட்டர், பின்கண்ணாடிச் சூடு எல்லாவற்றையும் போட்டேன். லோடு ஏறியும் சத்தம் ஏறவில்லை. மீட்டரில் 14.2 வோல்ட், விளக்கிலும் துடிப்பு இல்லை. ஆக, டயோடு நிரபராதி. பெல்ட்டில் தண்ணீர் தெளித்தால் சத்தம் ஒரு நிமிஷம் அடங்குகிறதா என்று பார்க்கச் சொல்வீர்களே, தெளித்தேன். பாட்டிலின் மூக்கிலேயே உறைந்துவிட்டது. ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் உங்கள் பழைய வித்தையை மட்டும் செய்யவில்லை. இந்தக் கால வண்டியில் அப்படிச் செய்தால் உள்ளேயிருக்கும் கம்ப்யூட்டர் பரலோகம் போய்விடுமாம்.

ஸ்க்ரூ டிரைவர் முனையை டைனமோ உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். பேரிங் கரகரக்கவில்லை. எதிர்வீட்டுக் கிழவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, எனக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று என் மனைவியிடம் வந்து விசாரித்துவிட்டுப் போனாள்.

கடைசியில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பியின் சின்ன கராஜுக்குப் போனேன். "வடிவாக் கேட்டனீங்களோ?" என்றார். இதில் அழகு எங்கே வந்தது என்று நான் யோசிப்பதற்குள் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். ரோட்டார் அசையாமல் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பினார். இரண்டு பக்கமும் பிடித்தது. "அண்ணை, பிழையான புல்லியைப் பூட்டிப்போட்டாங்கள்" என்றார். நம் ஊரில் பூட்டினால் சாவி தேடுவோம், அவர்கள் ஊரில் பூட்டினால் மாட்டியாயிற்று என்று அர்த்தம்.

விஷயம் என்னவென்றால், என் வண்டிக்கு வர வேண்டியது ஒருபக்கம் மட்டும் பிடிக்கிற புல்லி. சைக்கிள் ஃப்ரீவீல்தான், வேறொன்றுமில்லை. திருவானைக்காவல் மேம்பாலத்து இறக்கத்தில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் தன் பாட்டுக்கு ஓடுமே, அதே கதை. டைனமோவின் ரோட்டார் கனமானது. இன்ஜினைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. இன்ஜின் சட்டென்று தணிந்தால் அது உடனே தணியாது. ஃப்ரீவீல் இருந்தால் தனியே ஓடி அடங்கும். எனக்கு மாட்டியிருந்தது சாதாரணக் கட்டிப் புல்லி. ரோட்டார் ஒரு பக்கம் இழுக்க, இன்ஜின் மறுபக்கம் இழுக்க, நடுவில் சிக்கிய பெல்ட் கத்தியிருக்கிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை மாதிரி. (இந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

தம்பி சரியான புல்லியை வரவழைத்துப் பூட்டினார். சத்தம் நின்றது. வயிற்றெரிச்சல் நிற்கவில்லை. இங்கே பழைய உருப்படியைத் திருப்பிக் கொடுத்தால் 75 டாலர் முன்பணம் திரும்பி வரும் என்று சொல்லி, டிசம்பரிலேயே என் பழைய டைனமோவை வாங்கிக்கொண்டார்கள். நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன். அதில் பழுதானது காயில் மட்டும்தான். நல்ல ஃப்ரீவீல் புல்லி அதன் தலையிலேயே உட்கார்ந்திருந்தது. புதுப் புல்லி விலை 110 டாலர். பழைய சாமானை நட்டு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் கொடுத்த முதல் பொன்மலைக் குடும்பத்து ஆள் நான்தான். நீங்கள் இரண்டு நாள் என்னோடு பேசாவிட்டாலும் நியாயம்தான்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: நீளமாக, மஞ்சள் பிடி போட்ட உங்கள் ஸ்க்ரூ டிரைவரை ஜூலையில் வரும்போது எடுத்துக்கொள்ளலாமா? கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் அத்தையின் வடகத்துக்கு நடுவில் வைத்துவிடுகிறேன். இங்கே வாங்கியதன் பிடி ரப்பர். சத்தம் காதுவரை முழுசாக ஏறவில்லை.