கொழும்பில் எங்கே நிற்பது?

யாழ்ப்பாணத்திலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ கொழும்புக்கு வரும் தமிழர் ஒருவர் எங்கே நிற்பது என்ற கேள்வி, பயண நூல்கள் கருதுவதுபோல் அறை வாடகையாலும் காலை உணவாலும் தீர்மானிக்கப்படுவதன்று. எந்த உறவினர் எவ்வளவு காலத்துக்குக் கோபித்துக்கொள்வார் என்ற கணக்கினாலேயே அது தீர்மானிக்கப்படுகிறது. போலந்தின் பழைய தலைநகரான கிராக்கோவுக்குச் செல்பவர், மரியாள் தேவாலயக் கோபுரத்திலிருந்து இரவும் பகலும் மணிக்கொரு தடவை ஊதப்படும் எக்காளம் கேட்கும் தூரத்தில் அறை எடுப்பதா, கேட்காத தூரத்தில் எடுப்பதா என்று யோசித்தால் போதும். கொழும்பில் எக்காளம் ஊதுவோர் கோபுரத்தில் இல்லை. கையில் தொலைபேசியுடன் தொடர்மாடிகளின் நான்காம் மாடியில் இருக்கிறார்கள்.

உறவினர் இல்லாதோரின் சுதந்திரத்துக்கு இந்நகரின் வரலாற்றில் நல்ல சான்று உண்டு. சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் 1890இல் கொழும்பில் இறங்கிய ரஷ்ய எழுத்தாளர் அன்டன் செக்கோவ், துறைமுகத்தை ஒட்டி 1875இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் தங்கினார். அதற்கும் முன்பே, 1864இல் தொடங்கப்பட்ட காலிமுக ஹோட்டல் கடலோரத்தில் இருந்தது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் செக்கோவிடம் விளக்கம் கேட்க ஆளில்லை. வெள்ளவத்தையில் அவருக்கு மாமி எவரும் இருக்கவில்லை.

மற்றையோரின் நிலை வேறு. கொழும்பு 6 என்னும் அஞ்சல் இலக்கம் கொண்ட வெள்ளவத்தை, காலி வீதிக்கு இருபுறமும் ஒழுங்கைகளாகப் பிரிந்து கிடப்பது. 'குட்டி யாழ்ப்பாணம்' என்ற பட்டப்பெயரை நெடுங்காலமாகச் சுமப்பது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்தோரும் வெளிநாட்டிலிருந்து வந்த பணமும் ஒன்றுசேர, முற்றமும் மாமரமும் இருந்த தனி வீடுகள் தொடர்மாடிகளாக உயர்ந்தன. உறவினர்கள் பக்கவாட்டில் பரவியிருந்த நிலை மாறி, ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அடுக்கப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு புறப்படும் சொகுசு பஸ் விடியுமுன்னரே பயணியைக் காலி வீதியில் இறக்கிவிடுவதால், அந்நேரத்தில் எவர் வீட்டு மணியை அடிப்பது என்பதே வருகையாளரின் முதல் அரசியல் முடிவாகிறது.

உறவினர் வீட்டில் தங்குவோருக்குரிய இடம் 'ஹோல்' எனப்படும் முன்கூடமாகும். பகலில் தொலைக்காட்சிக்கும் விருந்தினருக்கும் உரிய அவ்விடத்தில் இரவு பத்தரைக்குப் பின்னர், அதாவது தொடர்நாடகம் முடிந்து வீட்டுக்காரர் எழுந்த பின்னரே, மெத்தை விரிக்கப்படும்; மின்விசிறி மெத்தைக்கு நேர்மேலே இராது, மெத்தையை அதன் கீழே இழுத்தாலோ குளியலறைக்குப் போகும் பாதை அடைபடும். கடற்கரைப் பக்க ஒழுங்கையாயின், தண்டவாளம் கடலோரமாகச் செல்வதால், முதல் ரயிலோடு விருந்தாளியும் எழுந்துவிடுவார். கலியாணம் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் என்றால் வசதிக்குக் குறைவில்லை. ஆயினும் அதே கலியாணத்துக்கு வந்த வேறு பதினொரு பேரும் அதே ஹோலில்தான் இருப்பார்கள்.

இத்தொல்லைக்குத் தப்ப நினைப்பவர் நாடுவது லொட்ஜ். வருமானவரிக் காரியாலயத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் இடைப்பட்ட தோற்றமுடைய இவ்விடுதிகளில், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தோர் மாதக்கணக்கில் தங்கியிருந்து, போவதற்குள் ஒருவருக்கொருவர் உறவினராகிவிட்டனர். முகாமையாளர் நீட்டும் கொப்பியில் பெயரோடும் அடையாள அட்டை இலக்கத்தோடும் வந்த நோக்கமும் எழுதப்படவேண்டும் என்பது சிரிப்புக்குரிய சம்பிரதாயமாக இன்று தோன்றலாம். போர்க்காலத்தில் அது சிரிப்புக்குரியதாக இருக்கவில்லை. வீட்டில் நிற்கும் விருந்தாளியைக்கூடப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களின் லொட்ஜுகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள், கொழும்பில் நிற்பதற்குத் தகுந்த காரணம் இல்லையென்று கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. 'வந்த நோக்கம்' என்ற கட்டத்துக்கு நேரே 'கலியாணம்' என்பதற்குப் பதில், எந்த மண்டபம், எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று விவரமாக எழுதும் முதியோரை இன்றும் காணலாம். அவர்களை அவசரப்படுத்துவது முறையன்று.

மூன்றாவது வழி கொட்டாஞ்சேனை. கொழும்பு 13இல் அடங்கும் இப்பகுதி, வெள்ளவத்தைக்காரர் பார்வையில் நகரின் மறுகரை. துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் அப்பால் இருப்பதாலும், நடுவில் நெரிசல் மிகுந்த தெருக்கள் கிடப்பதாலும், 'அங்கையே நிக்கிறியள்?' என்ற கேள்வியை எழுப்புவது. பழைமையைப் பார்க்க வந்தவருக்கோ இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பொன்னம்பல முதலியார் 1856இல் அமைத்து, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பிற்காலத்தில் கருங்கல்லால் திருப்பியெழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் இங்குள்ளது. புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் இங்குள்ளது. நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் நெருங்கிய செட்டியார் தெரு நடக்கும் தூரம். விடிகாலையில் கோயில் மணியும் ஆலய மணியும் ஒன்றையொன்று முந்த முயல்வதால் கிராக்கோவின் எக்காளத்துக்கு ஏங்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டாஞ்சேனையில் அறை எடுப்பவர் வெள்ளவத்தை உறவினரின் கண்ணில் படாமல் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்பது பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கை திங்கட்கிழமை வரை சரியானது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் மதபேதமின்றிக் கூட்டம் சேரும். திருநீறு பூசிய நெற்றியுடன் மெழுகுதிரி கொளுத்த வரும் வெள்ளவத்தை மாமிமார் அதில் கணிசமானோர். வரிசையில் மூன்றாவது ஆளாக நிற்கும் மாமி திரும்பிப் பார்த்து, 'எப்ப வந்தனீங்கள்?' என்று கேட்கும்போது, நேற்றுத்தான் என்று சொல்வதே வழக்கிலுள்ள விடை.