பஸ் வசதியுள்ள வீடு

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் அறை தேடுகிறவருக்குப் போக்குவரத்துக் கவலையே இல்லை. காலி வீதியில் 100, 101 பஸ்கள், கடலோரம் புகையிரதம். குறை ஒன்றுதான், சம்பளத்துக்குள் அடங்கும் வாடகை கிடையாது. தரகர் காட்டும் ‘அனெக்ஸ்’ கராஜுக்கு மேல் ஏற்றிய ஓர் அறை. கட்டிலில் இருந்தபடியே அடுப்பில் தேத்தண்ணி வைக்கலாம். முற்பணத்தைக் கேட்டதும் வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறத் தோன்றும்.

அங்கே தமிழருக்குப் பாதுகாப்பா? 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரைப் பொலிஸார் எழுப்பி, வவுனியாப் பக்கம் அனுப்பிவைத்தார்கள். வாசலிலேயே பஸ், டிக்கெட்டும் இல்லை! இதைவிடக் கிட்டிய பொதுப் போக்குவரத்து எந்த நகரத்தில் உண்டு? மறுநாள் உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்தைத் தடுத்தது.

இப்போதும் சில வீட்டுக்காரர் முதலில் கேட்பது அடையாள அட்டையும் சொந்த ஊரும்தான். வாடகைப் பேச்சு அதற்குப் பிறகு.