வெளிநாட்டு மருமகள்: செய்முறை

தேவையான பொருட்கள்: ஒரு வெளிநாட்டுப் பெண் (உங்களைக் காதலிப்பவராக இருப்பது நல்லது), ஒரு இந்தியக் குடிமகன், மூன்று சாட்சிகள், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் ஒரு கட்டு, ஒரு அம்மா. பொறுமை தேவைக்கேற்ப. அம்மா எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

நான் செய்து பார்த்தது போலந்து வகை. ஜப்பான், பிரேசில் வகைகளுக்கும் பக்குவம் ஏறக்குறைய இதேதான். பாகிஸ்தான், வங்கதேச வகைகளுக்கு அடுப்பே வேறு. அந்தப் பக்கம் நான் போகவில்லை. மருமகளுக்குப் பதில் மாப்பிள்ளை இறக்குபவர்களுக்கும் சட்டம் இதுவே. சொந்தக்காரர்கள் மட்டும் இரண்டு மடங்கு பேசுவார்கள்.

முதலில் கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, தெருவுக்கே சாப்பாடு போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இந்துத் திருமணச் சட்டத்துக்கு இரண்டு பேரும் இந்துவாக இருந்தாக வேண்டும். ஆகவே நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். உங்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தால் அதைப் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாள் அது அங்கே தொங்கும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாம். ஆட்சேபிப்பதற்கான காரணங்களைச் சட்டம் எண்ணி வைத்திருக்கிறது. ‘எங்களைக் கூப்பிடவில்லை’ என்பது அதில் இல்லை. என் பெரியப்பா விசாரித்துப் பார்த்தார்.

இந்தச் சட்டத்தில் உங்கள் அம்மாவைச் சமாதானப்படுத்த ஒரு பிடிமானம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். தடுக்கப்பட்ட உறவுகள் என்று கடைசியில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் மாமன் மகளும் உண்டு. (வழக்கம் இருக்கிறவர்களுக்கு விலக்கும் உண்டு, அதை அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை.) “நீ பார்த்து வெச்ச பொண்ணுதாம்மா இந்தச் சட்டப்படி தப்பு. இவ எந்த வழியிலயும் நமக்குச் சொந்தமில்ல, க்ளீனா இருக்கா” என்றேன். அம்மா ரொம்ப நேரம் யோசித்தாள்.

அடுத்து சான்றிதழ்கள். பெண் இதுவரை கல்யாணம் ஆகாதவர் என்று அவர் நாடு சொல்ல வேண்டும். அந்தச் சான்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, முத்திரை உண்மைதான் என்பதற்கு அப்போஸ்டில். போலந்துப் பெண்ணாக இருந்தால் இதில் ஒரு விசேஷம். அந்த ஊரில் பல குடும்பப் பெயர்களுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. அப்பா பெயர் ‘ஸ்கி’ என்று முடிந்தால் மகள் பெயர் ‘ஸ்கா’ என்று முடியும். ஒரு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலால் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டே வந்து கடைசி எழுத்தில் நின்றார்.

“அப்பா ஐ, பொண்ணு ஏ. ஒரு எழுத்து இடிக்குதே சார்.”

“சார், அது பெண்பால் விகுதி.”

“பேர்ல என்ன சார் பால்?”

“நம்ம ஊர்ல குமரன், குமரி இல்லையா, அந்த மாதிரி.”

அவர் முகம் மலர்ந்தது. “ஓ, குமரன் குமரி! அப்படிச் சொல்லுங்க!” பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு விளக்கினார். இருவரும் என் மனைவியாகப் போகிறவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு காகிதங்களை என் பக்கமே தள்ளினார். “எதுக்கும் ஒரு அஃபிடவிட் போட்டுக் கொண்டாந்துடுங்க.”

உங்கள் பெயர் அவர்கள் நாட்டில் படும் பாடு இதைவிடப் பெரிது. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடப் பயந்து அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். அவர்கள் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கல்யாணப் பதிவு போலந்துக்குப் போய்த் திரும்பியபோது என் மனைவி என் அப்பாவின் பெயரைச் சுமந்துகொண்டு நின்றாள். அப்பா இறந்து பல வருடம். உயிரோடு இருந்தபோதும் அம்மா அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள். இப்போது கூரியர்காரர் கீழே நின்று அந்தப் பெயரோடு ‘மேடம்’ சேர்த்துக் கத்துகிறார். ஒவ்வொரு முறையும் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அந்தப் பெயரை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வாள் என்பதால் நானும் எழுதவில்லை.

இனி அம்மா எதற்கு என்ற விஷயம். வெளிநாட்டவர் யாரையாவது தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் ஒரு படிவம் மூலம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஹோட்டலோ சத்திரமோ தனி வீடோ, எல்லாவற்றுக்கும் ஒரே விதி. எங்கள் வீடு அம்மா பெயரில். ஆரத்தி எடுத்து, வலது காலை வைத்து வா என்று சொல்லி, கை குங்குமம் காய்வதற்குள் அம்மா லாட்ஜ் உரிமையாளர் ஆகிவிட்டாள். படிவத்தின் கேள்விகளும் லாட்ஜுக்கு உரியவைதான். எங்கிருந்து வந்தார், எதற்கு வந்தார், அடுத்து எங்கே போகிறார்.

“எத்தனை நாள் தங்க உத்தேசம்னு கேட்டிருக்கும்மா.”

“என்னை வழியனுப்பிட்டுத்தான் போவான்னு எழுது.”

விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால் வந்திறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். 2018-இல் இருந்து இதையெல்லாம் இணையத்திலேயே செய்யலாம். ஸ்கேன் செய்த பக்கம் சொன்ன அளவுக்குள் அடங்க வேண்டும், எழுத்தும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. தெருமுனை ஜெராக்ஸ் கடைத் தம்பியைச் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் பலருக்கும் பால் பொங்கி அடுப்பு அணைகிறது. இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காகத் தருவது நுழைவு விசா. அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தலாம், சம்பளம் வாங்க முடியாது. சம்பளத்துக்கு வேலைவாய்ப்பு விசா தனி. அதற்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்று விதி. என் மனைவி கட்டடப் பொறியாளர். பாலம் கட்டுகிற கணக்கெல்லாம் போடுவாள். சென்னையில் அவள் வயசுப் பொறியாளருக்கு அந்தச் சம்பளம் தருகிற கம்பெனி எது என்று தேடினேன். நானே அதில் பாதி வாங்கவில்லை.

ஆனால் சட்டம் இரக்கமற்றது இல்லை. இந்தச் சம்பள வரம்பிலிருந்து சிலருக்கு விலக்கு உண்டு. தன் நாட்டுச் சமையலைச் சமைக்கும் சமையல்காரர். ஆங்கிலம் தவிர்த்த மொழியைக் கற்பிப்பவர். மொழிபெயர்ப்பாளர். பாலம் கட்டத் தெரிந்த பெண்ணுக்கு நாடு திறந்து வைத்த கதவு சமையல்கட்டு வழியாகப் போகிறது. உறவினர்களுக்கு இதில் பரம சந்தோஷம். “வேலைக்குப் போறேன்னு குதிக்காம வீட்டோட இருக்காளே, குடுத்து வெச்சவன்டா நீ” என்றாள் சித்தி. அவள் குதித்ததையெல்லாம் சித்தி பார்க்கவில்லை.

சமையல் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பியரோகி செய்தாள். மாவைத் தட்டி, உருளைக்கிழங்கை உள்ளே வைத்து, ஓரத்தை மடித்து மடித்து ஒட்டி வேகவைப்பது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். “கொழுக்கட்டைதானே! பூரணத்துக்கு வெல்லம் கிடைக்கலையா உங்க ஊர்ல?” என்று கேட்டு, அவள் மடித்த ஓரத்தில் திருப்தி இல்லாமல் இரண்டைப் பிரித்து, தானே மறுபடி மடித்தாள். இந்த ஏழு எட்டு வருடத்தில் எந்த அலுவலகம் கொடுத்த அனுமதியும் இதற்கு ஈடாகாது.

அப்புறம் போலீஸ் விசாரணை. காவலர் ஒருவர் வீட்டுக்கே வருவார். பயப்படாதீர்கள், நம் ஆள்தான். எங்களுக்கு வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்கீங்களா?” நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து அம்மா குரல் வந்தது: “ரெண்டு நாளா பேச்சுவார்த்தை இல்ல. ஆனா ஒண்ணாத்தான் இருக்காங்க.” அவர் அதை எப்படி எழுதிக்கொண்டார் என்று தெரியவில்லை. ‘டீ குடிக்கிறீங்களா’ என்று மனைவி தமிழில் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார்.

பழைய காலத்தில் இதெல்லாம் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி 1920-இல் ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். மாப்பிள்ளை ஆங்கிலேயர், நாடே அவர்கள் கையில், ஆகவே விசா கேட்க ஆளில்லை. ஆனால் மதராஸ் சமூகம் எழுப்பிய கூச்சலை எந்தப் பதிவு அலுவலகமும் எழுப்பாது. சுதந்திரத்துக்குப் பிறகு வெளியுறவுப் பணியில் இருந்த கே.ஆர்.நாராயணன் பர்மாப் பெண்ணைக் காதலித்தார். வெளியுறவு அதிகாரிகள் வெளிநாட்டவரை மணக்க விதி இடம் தராததால், 1951-இல் பிரதமர் நேருவே தனி அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் உஷா என்று பெயர் மாற்றிக்கொண்டு இந்தியக் குடிமகளாகி, பின்னாளில் குடியரசுத் தலைவரின் மனைவியாக அந்த மாளிகைக்கே போனார். நமக்கு அவ்வளவு உயரம் வேண்டாம், தாலுகா அளவில் முடிந்தால் போதும்.

கல்யாணத்தைப் பதிந்து இரண்டு வருடம் தொடர்ந்து குடித்தனம் நடந்திருந்தால் ஓ.சி.ஐ. என்னும் கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் இருந்து போட்டால் கட்டணம் 15,000 ரூபாய். அட்டை கைக்கு வந்தால் வேலைக்குப் போகலாம், பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். ஓட்டு கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது. பத்திரிகை வேலை, ஆராய்ச்சி, மலையேற்றம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். மலையேற்றம் ஏன் என்று மனைவி கேட்டாள். பரங்கிமலை கணக்கில் வராது என்று சொல்லிவைத்தேன். முழுக் குடியுரிமைதான் வேண்டும் என்றால் இங்கே ஏழு வருடம் வசித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் போலந்தை விட்டுவிட வேண்டும். இரட்டைக் குடியுரிமையை நம் நாடு ஏற்பதில்லை.

இந்தச் செய்முறையில் எனக்கு ருசிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விசா நீட்டிப்பு ஒவ்வொன்றுக்கும் கணவன் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அட்டை வந்த பிறகும், நீதிமன்றம் அந்தக் கல்யாணத்தை முறித்துவிட்டால் அட்டையை ரத்து செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. அதாவது அவள் இந்த ஊரில் போட்டுக்கொண்ட வேர், பிடித்துக்கொண்ட வேலை, கற்றுக்கொண்ட தமிழ் எல்லாம் என் கையெழுத்தில் தொங்குகிறது. மாமன் மகளைக் கட்டியவன் வீட்டில் பாத்திரம் உருண்டால் அது வெறும் சண்டை. எங்கள் வீட்டில் உருண்டால் அதற்குள் ஒரு மிரட்டல் இருக்கிறது, நான் வாய் திறக்காவிட்டாலும். ஒரு நீட்டிப்பு மாதத்தில் அவள் என்னிடம் அளவுக்கு மீறி மரியாதையாக நடந்துகொண்டாள். அன்றைக்குத்தான் இது எனக்கு உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது. கடிதத்தை முன்கூட்டியே எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி இடாமல் அவள் பீரோவிலேயே வைத்துவிடுங்கள். சட்டத்தில் சொல்லியிருக்கிறதா என்றால் இல்லை, என் யோசனை.

அட்டை வருவதற்கு முன்னால் ஒருமுறை மாமல்லபுரம் போயிருந்தோம். எனக்கு டிக்கெட் 40 ரூபாய், அவளுக்கு 600. அவள் கழுத்துக்குள் இருந்து தாலியை எடுத்துக் கவுன்ட்டர் கம்பி வழியாகக் காட்டினாள். உள்ளே இருந்தவர் அதை மரியாதையாகவே பார்த்தார். “தாலி சரிங்க மேடம், பாஸ்போர்ட் எந்த நாடு?” 600 கொடுத்தோம்.

அட்டை வந்த வாரமே மறுபடி போனோம். ஓ.சி.ஐ.காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு உள்ளதுதான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 40 ரூபாய்க்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். அவள் கடற்கரைக் கோயில் நிழலில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டாள். தடவைக்கு 560 ரூபாய் மிச்சம். அட்டைக்குக் கட்டிய 15,000 திரும்பிவர இன்னும் 26 முறை மாமல்லபுரம் போக வேண்டும்.